தெரிந்ததை மறக்காமல் பிள்ளையைப்போல் ஆக முடியுமா?

வாசகர் கேள்வி, 7 ஜனவரி 2025

என் மகனுக்கு ஆறு வயது. ராத்திரி ஜெபத்தில், "இயேசப்பா, நாளைக்கு மழை வேண்டாம், புது பேட் வாங்கியிருக்கேன், ஆமென்" என்று சொல்லி முடிப்பதற்குள் பாதி தூங்கிவிடுகிறான். பக்கத்தில் நான் ஒரு மணி வரை விழித்துக் கிடக்கிறேன். வீட்டுக் கடன், அம்மாவுக்கு டயாலிசிஸ், ஆபீசில் ஆள்குறைப்புப் பேச்சு. மத்தேயு 18:3 வாசிக்கும்போதெல்லாம் எனக்குக் கோபம்தான் வருகிறது. "பிள்ளைகளைப்போல் ஆகாவிட்டால், பரலோகராஜ்யத்தில் பிரவேசிக்கமாட்டீர்கள்" என்றால் எப்படித்தான் ஆவது? தெரிந்ததைத் தெரியாததாக்க முடியுமா? கேள்வியே கேட்காமல் இருப்பதுதான் விசுவாசமா? பாலர் வகுப்பு எடுக்கிறவர்கள் யாராவது சொல்லுங்கள்.

7 ஜனவரி, இரவு

நான் எடுக்கிறேன் தம்பி. பாளையங்கோட்டைக்குப் பக்கத்தில் ஒரு சி.எஸ்.ஐ. சபையில், 19 வருடமாக. பிள்ளைகள் கேள்வி கேட்கமாட்டார்கள் என்று சொல்கிறவர்கள் அவர்களோடு அரை மணி நேரம் பாயில் உட்கார்ந்து பார்க்கட்டும்.

போன ஞாயிறு நோவாவின் பேழை. படங்களை ஜோடி ஜோடியாக ஒட்டி, யானை, சிங்கம், குரங்கு எல்லாவற்றையும் ஏற்றியாயிற்று. இரண்டாம் வகுப்பு படிக்கிற ஒருவன் எழுந்தான். "அக்கா, கரையானும் ஏறிச்சா?" ஏறியிருக்கும் என்றேன். "அப்ப கப்பலை அரிக்காதா?" அவன் உட்காருவதற்குள் ஒரு சின்னப் பெண், இயேசப்பா கடல்மேல் நடந்தபோது செருப்பு நனைந்ததா என்று கேட்டாள். பாடம் நோவா. அவளுக்கு அது முக்கியமில்லை, தண்ணீர் என்றதும் ஞாபகம் வந்துவிட்டது.

இரண்டுக்கும் என்னிடம் பதில் இல்லை. ஆனால் அந்தப் பையனின் முகத்தை நன்றாகப் பார்த்தேன். பேழை மூழ்கிவிடுமோ என்ற பயம் அதில் இல்லை. கரையானுக்கு ஆண்டவர் என்ன ஏற்பாடு செய்தார் என்று அவனுக்குத் தெரிந்தாக வேண்டும். பேழைக்கு உள்ளே நின்றுகொண்டு கேட்கிறான்.

நாம் பெரும்பாலும் கரையில் நின்று கேட்கிறோம். எனக்குத் தெரிந்த வித்தியாசம் இப்போதைக்கு இதுதான்.

8 ஜனவரி

ஒன்றை விட்டுவிட்டேன். தெரிந்ததை மறக்கச் சொல்லி வேதத்தில் எங்கும் இல்லை. பவுல் நேர் எதிராகவே சொல்கிறார்: "துர்க்குணத்திலே குழந்தைகளாயும், புத்தியிலோ தேறினவர்களாயுமிருங்கள்" (1 கொரிந்தியர் 14:20). கடன் தவணை எவ்வளவு என்று உங்களுக்குத் தெரிந்திருப்பது அவிசுவாசம் ஆகாது.

11 ஜனவரி

இந்த வசனம் கேள்வி கேட்பதைப் பற்றியதல்ல, தாழ்மையைப் பற்றியது என்று நாகர்கோவில் அண்ணன் ஒருவர் கீழே எழுதியிருப்பது சரி. நான் கேள்வி, பதில் என்று வேறு பக்கம் ஓடிவிட்டேன். மத்தேயு 18 தொடங்குவதே "பரலோகராஜ்யத்தில் யார் பெரியவன்" என்று சீஷர்கள் கேட்பதில்தான். அதற்குப் பதிலாகத்தான் அவர் ஒரு பிள்ளையைக் கூப்பிட்டு நடுவில் நிறுத்துகிறார். அடுத்த வசனத்தில் வருவது "தன்னைத் தாழ்த்துகிறவன்" என்ற சொல். பிள்ளையின் வெகுளித்தனத்தைப் பற்றியோ, வியக்கிற கண்களைப் பற்றியோ அங்கே பேச்சே இல்லை. அந்தக் காலத்துக் கலிலேயாவில் பிள்ளைக்கு என்ன மதிப்பு? பேச்சு எடுபடாது, கையில் சொத்து கிடையாது, யாரிடமும் பேரம் பேச முடியாது. கொடுத்தால் வாங்கிக்கொள்ளலாம், அவ்வளவுதான்.

அண்ணன் சொன்ன பிறகு மாற்கு 10ஐ எடுத்து வாசித்தேன். சிறு பிள்ளைகளைக் கொண்டுவந்தவர்களைச் சீஷர்கள் அதட்டுகிறார்கள். இயேசு விசனமடைந்து, "அவர்களைத் தடைபண்ணாதிருங்கள்" என்கிறார். அணைத்துக்கொள்கிறார். உடனே அடுத்து வருவது அந்தப் பணக்காரன். "நித்தியஜீவனைச் சுதந்தரித்துக்கொள்ளும்படி நான் என்னசெய்யவேண்டும்" என்று கேட்கிறான். சிறுவயது முதல் கற்பனைகளை எல்லாம் கைக்கொண்டவன். துக்கத்தோடு போய்விடுகிறான். கை நிறைய இருந்தது, வாங்கிக்கொள்ள இடமில்லை.

அவன் போன பிறகு திகைத்து நிற்கிற சீஷர்களை இயேசு எப்படிக் கூப்பிடுகிறார் தெரியுமா? "பிள்ளைகளே" என்று (10:24). தாடி வளர்ந்த மீனவர்களை. இத்தனை வருடம் இந்த அதிகாரத்தை வாசித்தும், பாடம் எடுத்தும், அந்த ஒரு சொல் என் கண்ணில் பட்டதே இல்லை.

12 ஜனவரி, ஆராதனை முடிந்து

லூக்கா 18:15ஐயும் பாருங்கள். மாற்குவில் "சிறுபிள்ளைகள்", லூக்காவில் "குழந்தைகள்". மூலத்தில் லூக்கா எடுத்திருப்பது கைக்குழந்தைக்கான சொல். முன்னணையில் கிடந்த பாலகனுக்கும் அவர் அதே சொல்லைத்தான் எழுதியிருக்கிறார். கைக்குழந்தை நடந்து வராது. விசுவாசிக்கிறேன் என்று அறிக்கை செய்யாது. யாரோ தூக்கிக்கொண்டு வந்தார்கள், வந்து சேர்ந்தது.

தம்பி, உங்கள் மகன் விஷயத்துக்கு வருகிறேன். அவன் முயற்சி செய்து நம்பவில்லை. நம்பினால் தூக்கம் வரும் என்று யாரும் அவனுக்குச் சொல்லித்தரவில்லை. பக்கத்தில் நீங்கள் விழித்திருக்கிறீர்கள், அவன் தூங்குகிறான். "இஸ்ரவேலைக் காக்கிறவர் உறங்குவதுமில்லை தூங்குவதுமில்லை" என்று சங்கீதம் 121 சொல்கிறதே, அதை ஒவ்வொரு ராத்திரியும் உங்கள் கட்டிலில் பார்க்கிறீர்கள். விழித்திருக்கிறவரின் இடத்தில் நீங்களே இருந்து பார்க்கிறீர்கள். அவன் தூங்குவதற்காக நீங்கள் அவனிடம் எதையாவது எதிர்பார்க்கிறீர்களா?

14 ஜனவரி

பொங்கல் வேலைக்கு நடுவில் ஒரு சின்னக் குறிப்பு. சிலுவைக்கு முந்தின ராத்திரி கெத்செமனே தோட்டத்தில் இயேசு "அப்பா பிதாவே" என்று ஜெபிக்கிறார் (மாற்கு 14:36). அந்த "அப்பா" தமிழ் இல்லை, அரமேய மொழிச் சொல். மொழிபெயர்த்தவர்கள் அதை அப்படியே விட்டார்கள், அது நம் வீட்டுச் சொல்லாகவே வந்து விழுந்துவிட்டது. மற்ற மொழிக்காரர்கள் பலருக்கு அடிக்குறிப்பு போட்டு விளக்க வேண்டியது நமக்கு விளக்கமில்லாமலே புரிகிறது. மழலை முதலில் பேசுகிற சொல்லால் இயேசு தேவனைக் கூப்பிட்டார்.

17 ஜனவரி

மேலே கடைசி வரியைத் திருத்த வேண்டும். அப்பா என்பது மழலைச் சொல் என்ற கருத்து யோவாக்கிம் எரேமியாஸ் என்ற ஜெர்மானிய அறிஞரின் எழுத்துகள் வழியாகப் பரவியது. ஜேம்ஸ் பார் என்ற அறிஞர் 1988இல் எழுதிய கட்டுரையில் அதை மறுத்தார். வளர்ந்தவர்களும் தகப்பனை அப்படித்தான் கூப்பிட்டார்கள், கொஞ்சல் மொழி இல்லை என்றார். எங்கள் ஐயர் (சபைப் போதகர்) ஞாபகப்படுத்தினார்.

முதலில் எனக்கு ஏமாற்றம்தான். அப்புறம் யோசித்தால், தமிழிலும் அப்படித்தானே? என் கணவருக்கு 56 வயது. தன் தகப்பனாரை அவர் இன்றும் அப்பா என்றுதான் கூப்பிடுகிறார். இரண்டு வயதில் கூப்பிட்ட அதே சொல், 56 வயதின் எடையோடு. இயேசுவும் வாழ்க்கையின் மிகக் கொடிய ராத்திரியில், என்ன வரப்போகிறது என்று முழுவதும் தெரிந்தே அந்தச் சொல்லைச் சொன்னார். பாடுகளின் பாத்திரத்தை எடுத்துப்போடும் என்று கேட்கவும் செய்தார். உங்கள் முதல் கேள்விக்கு, தெரிந்ததைத் தெரியாததாக்க முடியுமா என்பதற்கு, நான் காட்டக்கூடிய இடம் இதுதான். எதுவும் மறக்கவில்லை, அப்பா என்றார்.

பாத்திரம் எடுக்கப்படவில்லை. அதைப் பற்றியும் எழுத வேண்டும். இன்று முடியாது.

20 ஜனவரி

எழுதிவிடுகிறேன்.

1982. எனக்குப் பத்து வயது. அப்பாவுக்குச் சிறுநீரகம் பழுதாகிவிட்டது. டயாலிசிஸ் என்ற சொல்லையே நாங்கள் அப்போது கேள்விப்பட்டதில்லை, கேள்விப்பட்டிருந்தாலும் எங்கள் கைக்கு எட்டியிருக்காது. ஞாயிறு பள்ளியில் அந்த மாதம் மனப்பாட வசனம் மத்தேயு 17:20, கடுகுவிதையளவு விசுவாசம் இருந்தால் கூடாத காரியம் ஒன்றுமில்லை என்பது. நான் அடுப்படிக்குப் போய் அஞ்சறைப் பெட்டியிலிருந்து ஒரே ஒரு கடுகை எடுத்தேன். அதை ஜியாமெட்ரி பாக்ஸில் ஒரு துண்டுத் தாளில் மடித்து வைத்து, ஜெபிக்கும்போது மட்டும் கையில் எடுத்து இறுக்கிப் பிடித்துக்கொள்வேன். இந்த அளவு எனக்கு நிச்சயம் இருக்கிறது என்று ஆண்டவருக்குக் காட்டுவதற்காக. பதினொரு நாள் அப்படி ஜெபித்தேன். பன்னிரண்டாம் நாள் கை வியர்த்து, கடுகு நழுவிச் சிமெண்ட் தரையில் எங்கோ உருண்டுவிட்டது. வேறொன்று எடுத்துக்கொள்ளலாம் என்று எனக்குத் தோன்றவில்லை. அது ஏமாற்றுவேலை என்று நினைத்தேன். தவழ்ந்து தவழ்ந்து தேடினேன். மறுநாள் விடியற்காலையில் அப்பா இறந்துபோனார்.

துக்கம் கேட்க வந்தவர்களில் ஒரு பிரசங்கியார், வெளியூர்க்காரர், வீட்டில் யாருக்கோ விசுவாசம் குறைவாக இருந்திருக்கிறது என்றார். கூடத்தில் வைத்துத்தான் சொன்னார். நான் கதவுக்குப் பின்னால் நின்றிருந்தேன்.

யார் என்று எனக்குத் தெரியுமே.

அடுப்படியில் கடுகு வெடிக்கிற சத்தம் கேட்டால் பின்வாசலுக்குப் போய்விடுவேன். கல்லூரிக்குப் போகும்வரை அப்படித்தான். ஜெபத்தை நிறுத்தவில்லை, நிறுத்தப் பயம். ஒரு பிள்ளையின் நம்பிக்கையை உடைத்தது சாவு இல்லை, தம்பி. சாவுக்குப் பிறகு வந்த அந்த ஒரு வாக்கியம். அதனால்தான் "பிள்ளையைப்போல நம்பு" என்று யாராவது லேசாகச் சொன்னால் எனக்கும் உங்களைப்போலவே கோபம் வரும். பிள்ளையாக நம்பியதை அறிந்தவள் நான்.

21 ஜனவரி

நேற்றைய குறிப்புக்குப் பலர் எழுதியிருக்கிறீர்கள். டோனாவூரில் பிள்ளைகளுக்கு இல்லம் நடத்திய மிஷனரி ஏமி கார்மைக்கேல் அம்மையாரின் கதையை இரண்டு பேர் நினைவுபடுத்தினீர்கள். அயர்லாந்தில் சிறுபிள்ளையாக இருந்தபோது தன் பழுப்புக் கண்களை நீலமாக்கித்தரும்படி ஜெபித்தார், காலையில் கண்ணாடியில் பார்த்தால் பழுப்பாகவே இருந்தது, "இல்லை" என்பதும் ஒரு பதில்தான். திருநெல்வேலிப் பக்கம் ஞாயிறு பள்ளிக்குப் போன யாருக்கும் இது தெரியும். நானும் எட்டு வயதில் கேட்டு ரசித்த கதைதான். கண்ணின் நிறத்துக்கு அந்தப் பதில் போதும். அப்பாவின் உயிருக்கு எனக்குப் போதவில்லை. அம்மையாரும் அதோடு நின்றுவிட்டார் என்று நான் நினைக்கவில்லை. 1931இல் கீழே விழுந்து அடிபட்டவர், 1951இல் இறக்கும்வரை பெரும்பாலும் படுக்கையறையிலேயே இருந்தார். அந்த இருபது வருடத்தை யாரும் பாலர் வகுப்பில் கதையாகச் சொல்வதில்லை. நானும் சொன்னதில்லை. சொல்ல வேண்டும்.

22 ஜனவரி

கடுகு விஷயத்தை அம்மாவிடம் நான் சொன்னது என் 31ஆவது வயதில். என் மகள் பிறந்து, அம்மா வந்திருந்தபோது. ரசத்துக்குத் தாளித்துக்கொண்டிருந்தாள். ஏன் பின்வாசலுக்குப் போகிறாய் என்று கேட்டாள். சொன்னேன். அடுப்பை அணைத்துவிட்டு என்னைப் பார்த்து, "ஏட்டி, கடுகு தொலைஞ்சா ஆண்டவருமா தொலைஞ்சு போவாரு?" என்றாள். பிறகு உட்கார்ந்து அழுதாள், எனக்காக. இருபத்தோரு வருடமாக இதை வயிற்றில் வைத்துக்கொண்டிருந்தாயா என்று.

அன்றுதான் அவள் கதையும் எனக்குத் தெரிந்தது. அப்பா இறந்த அன்று இரவு நாங்கள் தூங்கியதும் அவள் குடும்ப ஜெபம் வைத்திருக்கிறாள், தனியாக. 13ஆம் சங்கீதத்தை எடுத்து முதல் இரண்டு வசனத்தை மட்டும் திரும்பத் திரும்பச் சொன்னாளாம். "கர்த்தாவே, எதுவரைக்கும் என்னை மறந்திருப்பீர்." நம்பிக்கையோடு முடிகிற கடைசி வசனங்களுக்கு அவள் போகவே இல்லை. எத்தனை மாதம் அம்மா என்றேன். "உன் தம்பி அஞ்சாங்கிளாஸ் போறவரைக்கும்" என்றாள். கணக்குப் போட்டால் மூன்று வருடம்.

மூன்று வருடம் சண்டை, ஒரு ராத்திரிகூட விடாமல், அவரிடமே. வேறு யாரிடம் போவது என்று கேட்டாள். அடித்த அம்மாவின் முந்தானையையே பிடித்துக்கொண்டு அழுகிற பிள்ளையை நீங்கள் பார்த்திருப்பீர்கள்.

25 ஜனவரி

131ஆம் சங்கீதம், மூன்றே வசனம். "தாயின் பால்மறந்த குழந்தையைப்போல நான் என் ஆத்துமாவை அடக்கி அமரப்பண்ணினேன்." பிள்ளையைப்போன்ற விசுவாசத்துக்கு என்னைக் கேட்டால் இதைத்தான் காட்டுவேன். பால்குடிக்கிற குழந்தை என்று எழுதவில்லை, பால்மறந்த குழந்தை என்று எழுதியிருக்கிறது. பால் மறக்கடிப்பது என்ன பாடு என்று நம் ஊர்த் தாய்மார்களுக்குத் தெரியும். மார்பில் வேப்பிலையை அரைத்துத் தடவுவார்கள். பிள்ளை வாய் வைக்கும், முகம் சுளிக்கும், கதறும். நேற்றுவரை தித்தித்தது இன்று ஏன் கசக்கிறது என்று அதற்கு யாரும் சொல்லிப் புரியவைக்க முடியாது. என் மகள் நாலு ராத்திரி வீட்டையே எழுப்பினாள். ஐந்தாம் நாள் வந்து மடியில் ஏறி உட்கார்ந்தாள். பால் கேட்கவில்லை. சும்மா சாய்ந்துகொண்டாள்.

பாலுக்காக வந்த பிள்ளை இப்போது அம்மாவுக்காக வந்திருக்கிறது. பதில் கிடைக்காத ஜெபங்கள் அந்த வேப்பிலை என்று நினைக்கிறேன்.

26 ஜனவரி

மேலே உள்ள கடைசி வரியைத் திரும்பப் பெறுகிறேன். அழிக்காமல் விட்டிருக்கிறேன், நான் எழுதியது எனக்கே நினைவில் இருக்க வேண்டும் என்பதற்காக.

ஒரு தாய் எனக்குத் தனியாக எழுதினார். நாலு வயதுப் பிள்ளையைப் பறிகொடுத்தவர். "என் பிள்ளையின் சாவு ஆண்டவர் எனக்குத் தடவிய வேப்பிலையா அக்கா?" என்று ஒரே வரி. படித்துவிட்டு வெகுநேரம் சும்மா உட்கார்ந்திருந்தேன். 1982இல் எங்கள் கூடத்தில் அந்த மனிதர் செய்ததையே நான் செய்திருக்கிறேன், கொஞ்சம் அழகான வார்த்தையில். வேறொருவரின் துக்கத்துக்குக் காரணம் கண்டுபிடித்துச் சொல்வது.

சங்கீதம் அந்தக் காரணத்தைச் சொல்லவே இல்லை. குழந்தை எங்கே உட்கார்ந்திருக்கிறது என்பதோடு நிற்கிறது. "எனக்கு மிஞ்சின கருமங்களிலும் தலையிடுகிறதுமில்லை" என்று முதல் வசனத்திலேயே எழுதியிருக்கிறது, நான் அதைத் தாண்டிக் குதித்துவிட்டேன். லாசருவின் கல்லறையில் இயேசு மார்த்தாளுக்கும் மரியாளுக்கும் சகோதரன் ஏன் இறந்தான் என்று பாடம் நடத்தவில்லை. அழுதார்.

மன்னித்துக்கொள்ளம்மா. உங்களுக்குத் தனியாகவும் எழுதியிருக்கிறேன்.

2 பிப்ரவரி

திருச்சியிலிருந்து எழுதுகிற கத்தோலிக்கச் சகோதரி, குழந்தை இயேசுவின் தெரேசாவைச் சொல்லாமல் இந்தப் பேச்சை எப்படி முடிப்பீர்கள் என்று கேட்டிருந்தார். எங்கள் சபையில் அவரைப் பற்றிப் பேசுவது குறைவு. அவருடைய சிறுமலர் என்ற பெயரைப் பள்ளிக்கூடப் பலகைகளில் பார்த்ததோடு சரி. ஒரு வாரமாக அவரைப் பற்றித்தான் வாசித்துக்கொண்டிருக்கிறேன்.

பிரான்சில் 1873இல் பிறந்தவர். நாலு வயதில் தாயை இழந்தவர். லிசியே நகரத்துக் கார்மேல் மடத்தில் 15 வயதில் சேர்ந்து, காசநோயால் 24ஆவது வயதில், 1897 செப்டம்பர் 30 அன்று இறந்தார். பெரிதாக எதுவும் செய்யவில்லை, மடத்தைவிட்டு வெளியே போகவில்லை. பதினான்கு வயதில் ரோமுக்குப் போனபோது விடுதிகளில் லிஃப்ட் பார்த்திருக்கிறார், அப்போது அது புதுச் சாமான். பிற்பாடு எழுதுகிறார்: பரிபூரணத்தின் படிக்கட்டில் ஏற நான் மிகச் சிறியவள், எனக்கு ஒரு லிஃப்ட் வேண்டும், இயேசுவே, உம் கைகள்தான் அந்த லிஃப்ட், அதனால் நான் வளரத் தேவையில்லை, இன்னும் சிறியவளாகவே ஆக வேண்டும். நாகர்கோவில் அண்ணன் சொன்ன "தாழ்த்துகிறவன்" இங்கே வந்துவிட்டது பாருங்கள். லூக்காவின் கைக்குழந்தையும்.

செபத்தில் தூங்கிவிடுவாராம், வருடக்கணக்காக. அதற்காக அவர் மனம் உடையவில்லை. பிள்ளை விழித்திருந்தாலும் தூங்கினாலும் பெற்றோருக்குப் பிரியம் ஒன்றுதான் என்று எழுதியிருக்கிறார். இதை வாசித்ததும் உங்கள் மகன் நினைவுதான் எனக்கு, தம்பி. ஆமென் சொல்வதற்குள் தூங்குகிறவன்.

இதோடு நிறுத்தியிருந்தால் இனிப்பான புனிதர் என்று நானும் விட்டிருப்பேன். 1896 ஈஸ்டர் சமயத்திலிருந்து சாகும்வரை, ஏறக்குறைய 18 மாதம், அவருக்கு விண்ணகம் என்று ஒன்று இருப்பதாகவே உணர முடியவில்லை. முழு இருட்டு. நம்பிக்கை இல்லாதவர்கள் உட்காருகிற மேசையில் தானும் உட்கார்ந்து அவர்களோடு அப்பம் தின்பதாக எழுதினார். அந்த நாட்களில் விசுவாசப் பிரமாணத்தைத் தன் இரத்தத்தால் எழுதி நெஞ்சோடு வைத்துக்கொண்டார். லிஃப்ட் பற்றி எழுதியதும் இந்த இருட்டுக்குள் இருந்துகொண்டுதான், 1897இல். வெளிச்சமான நாட்களில் எழுதியது என்றுதான் நான் முதலில் நினைத்தேன். ஆண்டுகளை ஒப்பிட்டுப் பார்த்தபோதுதான் தெரிந்தது.

அம்மாவின் மூன்று வருடத்துக்குப் பக்கத்தில் இந்த 18 மாதத்தை வைத்துக்கொள்கிறேன்.

9 பிப்ரவரி

நம்பிக்கையைப் பற்றியே பேசிக்கொண்டிருக்கிறோம், வியப்பைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லையே என்று இரண்டு பேர். நியாயம். எனக்கு அதில் ஒரு தயக்கம் இருந்தது. வியப்பு தானாக வருகிறது, வரவழைக்க முடியாது என்று நினைத்திருந்தேன். கன்வென்ஷன் கூட்டங்களில் வரவழைப்பதைப் பார்த்திருக்கிறேன். எனக்கு அது ஒத்துவரவில்லை.

மலைப்பிரசங்கத்தில் கவலைப்படாதிருங்கள் என்று சொல்லும்போது இயேசு கையோடு கொடுக்கிற வேலை என்ன? "ஆகாயத்துப் பட்சிகளைக் கவனித்துப்பாருங்கள்." அப்புறம் காட்டுப்புஷ்பங்கள் எப்படி வளருகிறதென்று "கவனித்துப்பாருங்கள்." ஆச்சரியப்படுங்கள் என்று சொல்லவில்லை. பாருங்கள் என்றார். பார்ப்பது என் கையில் இருக்கிறது. அரை மணி நேரம் ஒதுக்கலாம், பேருந்து ஏறலாம்.

யோபுவும் அப்படித்தான். 37 அதிகாரம் துக்கமும் வாதமும். கர்த்தர் பேசத் தொடங்கியதும் யோபுவின் கேள்வி ஒன்றுக்கும் பதில் சொல்லவில்லை. "வரையாடுகள் ஈனுங்காலத்தை அறிவாயோ" என்று கேட்கிறார். வரையாடு நம் மலைகளில் இருக்கிற ஆடு, தமிழ்நாட்டின் மாநில விலங்கு. மூலத்தில் சொல்வது அந்த நாட்டு மலையாட்டை. மொழிபெயர்த்தவர்கள் நம் மலையில் நிற்பதைக் கொண்டுவந்து வைத்துவிட்டார்கள். துக்கத்தில் இருக்கிற மனிதனை ஆண்டவர் மலைமேல் கூட்டிப்போய், யாரும் பார்க்காத இடத்தில் குட்டி போடுகிற ஆட்டைக் காட்டுகிறார். காரணம் சொல்லாமல் கூடவே நடக்கிறார்.

அடுத்த ஞாயிறு பாலர் வகுப்பைக் கூந்தன்குளத்துக்குக் கூட்டிப்போகிறேன். ஐயர் சம்மதித்துவிட்டார். காலை ஆராதனை முடிந்ததும் வேன்.

16 பிப்ரவரி, இரவு

போய்வந்தோம். 22 பிள்ளைகள், நாலு பெரியவர்கள், ஒரு அண்டா புளிசாதம்.

கூந்தன்குளம் தெரியாதவர்களுக்கு: நாங்குநேரித் தாலுகாவில் ஒரு கிராமம், குளத்தைச் சுற்றி. 1994இல் சரணாலயமாக அறிவித்தார்கள். அதற்கு வெகுகாலம் முன்பிருந்தே ஊர்க்காரர்கள் பறவைகளைக் காத்துவருகிறார்கள். பறவை வந்தால் ஊருக்கு நல்லது என்று நம்பிக்கை, பறவைகளுக்காகத் தீபாவளிக்கு வெடி போடமாட்டார்கள். வீட்டுக் கொல்லை மரங்களிலேயே மஞ்சள் மூக்கு நாரை கூடு கட்டியிருக்கிறது. கீழே துணி காய்கிறது, மேலே குஞ்சு கத்துகிறது.

பிள்ளைகளிடம் ஒன்றே ஒன்றுதான் சொல்லியிருந்தேன்: பத்து நிமிடம் பேசாமல் பார்க்க வேண்டும். மூன்று நிமிடம் தாங்கினார்கள். பிறகு ஆரம்பித்தது. கூழைக்கடாவின் பையில் எத்தனை மீன் பிடிக்கும், பூநாரை ஏன் ஒற்றைக் காலில் நிற்கிறது, குஞ்சுக்குத் தன் அம்மாவை இத்தனை கூட்டத்தில் எப்படித் தெரிகிறது. தூரத்தில் வரித்தலை வாத்துகள் இருந்தன. அவை மத்திய ஆசியாவிலிருந்து இமயமலையைத் தாண்டி வருபவை, 7,000 மீட்டருக்கு மேலேயும் பறக்கும் என்று குளக்கரையில் நின்று சொன்னேன். கரையான் பையன் வெகுநேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு, "யாருக்கா வழி சொன்னது?" என்றான்.

எரேமியா 8:7 எனக்கு மனப்பாடம். நாரை தன் வேளையை அறியும், கொக்கும் தகைவிலானும் வரத்தக்க காலத்தை அறியும். அதைச் சொல்ல வாயெடுத்தேன், சொல்லவில்லை. வசனத்தைச் சொன்னால் அவன் கேள்வி முடிந்துவிடும் என்று பட்டது. அவனோடு சேர்ந்து நானும் பார்த்தேன். ஒரு வாத்து தண்ணீரில் தலையை விட்டு, எடுத்து, உதறியது. கழுத்தில் தண்ணீர் வழிந்தது. தலையின் பின்பக்கம் இரண்டு கறுப்பு வரி. இவ்வளவு தெளிவாக ஒன்றைக் கடைசியாக எப்போது பார்த்தேன் என்று எனக்கு நினைவில்லை. மாத்திரை, மருந்துச் சீட்டு, மின்கட்டணம், எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டே இருக்கிறேன், ஆனால் இப்படி இல்லை.

ஜெபிக்கலாமா என்று கேட்டபோது ஒரு சின்னப் பெண் கண்ணை மூடமாட்டேன் என்றாள். மூடினால் பறவை போய்விடும் என்றாள். எல்லோரும் கண்ணைத் திறந்துகொண்டே ஜெபித்தோம். 19 வருடமாகக் கண்ணை மூடு, கையைக் கூப்பு என்றுதான் சொல்லிக்கொடுத்திருக்கிறேன்.

17 பிப்ரவரி

வீட்டுக்குள் படுத்திருப்பவர்கள் குளத்துக்குப் போக முடியாதே என்று ஒருவர். முடியாது. அம்மாவுக்கு இப்போது 81 வயது, முட்டிவலியால் வெளியே வருவதில்லை. ஜன்னலில் தவிட்டுக் குருவிகள் வரும். காலையில் ஏழு குருவி வந்தால் "முழு வீடும் வந்தாச்சு" என்பாள், ஆறு வந்தால் ஏழாவதைத் தேடுவாள். இதைத் தினமும் செய்கிறாள். நான் அதை முதுமை என்று நினைத்திருந்தேன். நேற்றுக்குப் பிறகு அவள் பக்கத்தில் உட்கார்ந்து நானும் எண்ணினேன். இன்று ஆறு.

2 மார்ச்

கேள்வி கேட்ட தம்பி எழுதியிருக்கிறார். அவர் அனுமதியோடு இங்கே:

"அக்கா, பெரிய மாற்றம் ஒன்றும் இல்லை. அம்மாவுக்கு வாரம் மூன்று நாள் டயாலிசிஸ் போகிறது. ஆபீஸ் பட்டியல் இன்னும் வரவில்லை. போன வாரம் மகன் தூங்கிவிட்டான் என்று நினைத்து, அவனைப்போலவே ஒரு வரியில் சொல்லிப் பார்த்தேன். 'இயேசப்பா, எனக்கு வேலை போயிரக் கூடாது, பயமா இருக்கு.' வாய்விட்டு அப்படிக் கேட்டு எத்தனை வருடமோ. சொல்லிவிட்டுப் படுத்தேன். இருட்டிலிருந்து குரல் வந்தது. 'அப்பா, நீங்க ஆமென் சொல்லலை.' சொன்னேன். அவன் தூங்கிவிட்டான். நான் அன்றைக்கும் ஒரு மணி வரை விழித்துத்தான் இருந்தேன். ஆனால் அவனைப் பார்த்துக்கொண்டிருந்தேன்."

தம்பி, உங்கள் அம்மாவின் பெயரை எங்கள் சபையின் ஜெபக் குறிப்பில் சேர்த்திருக்கிறேன். அடுத்த ஞாயிறு பாலர் வகுப்பில் யோனா. மீனின் வயிற்றுக்குள் கொசு இருந்திருக்குமா என்று இன்றைக்கே ஒருவன் கேட்டுவிட்டுப் போயிருக்கிறான்.